ஒண்ணா கூட முடியாத வருஷத்துல கிறிஸ்மஸ் எப்படி கொண்டாடுறது: முழுமையான வழிகாட்டி

விசா வரல, லீவ் கிடைக்கல, டிக்கெட் விலை கைக்கு எட்டல, வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல, இல்ல புதுசா குழந்தை பிறந்திருக்கு. காரணம் எதுவா வேணா இருக்கட்டும், இந்த வருஷம் எல்லாரும் ஒரே வீட்ல கூட முடியாதுன்னு ஆயிடுச்சு. உடனே யாராவது ஒருத்தர் "அதான் வீடியோ கால் இருக்கே"ன்னு சொல்லுவாங்க. இருக்கு தான். ஆனா அதை மட்டும் நம்பி இறங்கினா என்ன ஆகும்னு ஒரு தடவ பட்டவங்களுக்கு தெரியும், பதினஞ்சு பேர் ஒரே நேரத்துல "கேக்குதா கேக்குதா"ன்னு கத்தி, ரெண்டு குழந்தைங்க கேமராவுல மூக்கை ஒட்டி வச்சுக்கிட்டு, தாத்தா பழக்கதோஷத்துல போனை காதுல வச்சிட்டதால திரையில அவரோட காது மட்டும் பெருசா தெரிய, அரை மணி நேரத்துல எல்லாரும் களைச்சுப்போய் "சரி அப்புறம் பேசலாம்"னு வச்சிடுவாங்க.

கூடி இருக்கும்போது ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? கேக்னா பாட்டி தான். குடில் ஜோடிக்கிறது சித்தப்பா, அதுல யாரையும் கை வைக்க விட மாட்டாரு. நட்சத்திரம் கட்ட ஏணியில ஏறுறது மாமா, கீழ நின்னு "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்"னு சொல்றது அத்தை. ஜெபத்தை ஆரம்பிக்கிறது தாத்தா. எல்லாரும் ஆளுக்கொரு ஊர்ல இருக்கும்போது முதல்ல காணாம போறது இந்த வேலைகள் தான், எல்லாரும் சும்மா பார்த்துட்டு உட்கார்ற ஆளா ஆயிடுறாங்க, அந்த வெறுமை தான் அன்னிக்கு ராத்திரி உறுத்தும். அதனால இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வி தான் ஓடும்: அவங்கவங்க வேலையை அவங்கவங்க கைக்கே எப்படி திரும்ப குடுக்கறது?

படி 1: "வர முடியாது"ங்கறத சீக்கிரமா, தெளிவா சொல்லிடுங்க

பாதி பிரச்சனை இங்க தான். "பார்க்கலாம்", "டிரை பண்றோம்"னு டிசம்பர் நடு வரைக்கும் இழுத்தா அந்த பக்கம் இருக்கறவங்க உங்க பெட்ஷீட் வரைக்கும் துவைச்சு வச்சுக்கிட்டு காத்திருப்பாங்க. வர மாட்டோம்னு உங்களுக்கே உள்ளுக்குள்ள தெரிஞ்சுட்டா நவம்பர்லயே சொல்லிடுங்க. குரூப்ல மெசேஜ் போட்டு இல்ல, முதல்ல பெரியவங்களுக்கு தனியா போன் பண்ணி. "இந்த வருஷம் வர முடியலமா, எனக்கும் கஷ்டமா தான் இருக்கு, ஆனா 25ஆம் தேதிக்கு உங்க கிட்ட ஒரு வேலை கேட்டு திரும்ப ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன்"னு சொல்லிப் பாருங்க. வருத்தப்படுவாங்க, படட்டும், உடனே சமாதானம் பண்ண ஓடாதீங்க. ஆனா அந்த "ஒரு வேலை"ங்கற வார்த்தை அவங்க மனசுல உட்கார்ந்துக்கும், அடுத்த போன்ல அவங்களே "என்னமோ வேலைன்னியே, என்ன அது"ன்னு கேப்பாங்க.

படி 2: எதை வச்சுக்கறது, எதை விடறதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கங்க

ஒவ்வொருத்தர் கிட்டயும் தனித்தனியா ஒரே கேள்வி கேளுங்க: "நம்ம கிறிஸ்மஸ்ல எது இல்லன்னா உனக்கு கிறிஸ்மஸ் மாதிரியே இருக்காது?" குரூப்ல கேட்டா முதல் ஆள் "எல்லாரும் சேர்ந்து இருக்கறது தான்"னு போட்டுடுவாரு, மிச்ச பேரு அதுக்கு கீழ ஹார்ட் போட்டுட்டு போயிடுவாங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தனியா கேட்டா வர்ற பதில் வேற மாதிரி இருக்கும். ஒரு பையனுக்கு ராத்திரி கோயிலுக்கு போக தூக்கத்துல எழுப்பறது. ஒருத்தருக்கு சாப்பிட்டப்புறம் சீட்டு விளையாடறது. விருந்து முழுக்க சமைக்கிறவங்க கிட்ட கேட்டா பல நேரம் "எனக்கு விருந்தே வேணாம்பா, பாத்திரம் கழுவும்போது பேசிக்கிட்டு இருப்போமே அது தான்"னு வரும்.

பதில்களை மூணா பிரிங்க. அப்படியே பண்ணக்கூடியது, மாத்தி பண்ணணும்ங்கறது, இந்த வருஷம் வேணாம்ங்கறது. மூணாவதுல தயங்காம போடுங்க. பழக்கம்னு இழுத்துட்டு வந்தோம், உண்மையில யாருக்கும் பிடிக்கலன்னு சில விஷயம் இப்ப தான் வெளிய வரும், அதை கைவிடறதுக்கு இதை விட நல்ல சாக்கு கிடைக்காது. வச்சுக்கறது மூணு நாலு போதும், பத்து வச்சுக்கிட்டா அத்தனையும் ஒரே ஆள் தலையில விழும், அந்த ஆள் யாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்.

படி 3: தேதியும் நேரமும்

25ஆம் தேதி மட்டும் தான்னு பிடிச்சு தொங்க வேண்டாம். திருவருகைக் காலம் கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறு, நவம்பர் 27ல இருந்து டிசம்பர் 3க்குள்ள ஏதோ ஒரு நாள் ஆரம்பிக்கும். அந்தப் பக்கம் கிறிஸ்மஸ்ல இருந்து ஜனவரி 6, மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் பழைய வழக்கப்படி கொண்டாட்ட காலம் தான். ரஷ்யா, செர்பியா, எத்தியோப்பியா மாதிரி நாடுகள்ல இருக்கற ஆர்த்தடாக்ஸ் சபைங்க பழைய காலண்டர்படி ஜனவரி 7 தான் கிறிஸ்மஸே கொண்டாடுறாங்க. அதனால ஆஸ்பத்திரியில நைட் ஷிஃப்ட் இருக்கற அக்காவுக்காக குடும்ப கிறிஸ்மஸை 28ஆம் தேதி வச்சா குடி முழுகிடாது.

நேரம் தான் தலைவலி. எல்லாருக்கும் சௌகரியமான நேரம்னு தேடினா கிடைக்காது, கணக்கு போட்டே பார்த்துடுங்க. ஒரு உதாரணம், டொராண்டோவுல ஒருத்தர், லண்டன்ல ஒருத்தர், துபாய்ல ஒருத்தர், சிட்னியில ஒருத்தர். டிசம்பர்ல சிட்னி கோடை நேரத்துல இருக்கும், டொராண்டோவை விட 16 மணி நேரம் முன்னாடி. லண்டன்ல 25ஆம் தேதி மத்தியானம் 2 மணிக்கு வைக்கலாம்னு நினைச்சா டொராண்டோவுல காலையில 9, துபாய்ல சாயந்திரம் 6, சிட்னியில மறுநாள் ராத்திரி 1 மணி, அவங்களுக்கு கிறிஸ்மஸே முடிஞ்சு போச்சு. இப்ப தலைகீழா பாருங்க. சிட்னியில 25ஆம் தேதி காலை 9 மணின்னு வச்சா லண்டன்ல 24ஆம் தேதி ராத்திரி 10, டொராண்டோவுல 24ஆம் தேதி சாயந்திரம் 5. ஒரு வீட்ல குழந்தைங்க பரிசு பிரிக்கிறாங்க, ஒரு வீட்ல கோயிலுக்கு கிளம்பறாங்க, எல்லாருக்குமே அது கிறிஸ்மஸ் நேரம் தான். துபாய் மட்டும் அதிகாலை 2 மணியில மாட்டிக்கும், அவங்களுக்கு லண்டனோட சேர்த்து இன்னொரு கால் வச்சுடுங்க. ஒரே கால்ல எல்லாரையும் அடைக்கணும்ங்கற ஆசையை விட்டாலே பாதி சிக்கல் அவிழ்ந்துடும்.

இந்த நேர கணக்கு புதுசு ஒண்ணும் இல்ல. 1932ல இங்கிலாந்து ராஜா அஞ்சாம் ஜார்ஜ் முதல் முதலா ரேடியோவுல கிறிஸ்மஸ் செய்தி பேசினப்போ, உலகம் முழுக்க சிதறிக் கிடந்த கேக்கறவங்கள்ல அதிகம் பேருக்கு சிற்றலை எட்டுற நேரம் எதுன்னு பார்த்து தான் மத்தியானம் 3 மணியை பிடிச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் அந்த செய்தி அங்க 3 மணிக்கு தான்.

முடிவு பண்ணினதும் நேரத்தை ஒவ்வொரு ஊர் நேரத்துலயும் எழுதி, கிழமையோட, தேதியோட குரூப்ல பின் பண்ணி வைங்க. "லண்டன் டைம் பத்து"ன்னு மட்டும் போட்டா யாராவது ஒருத்தர் கண்டிப்பா தப்பா கணக்கு போட்டு தூங்கிடுவாங்க.

படி 4: பார்சல், பரிசு

இது நேரம் பிடிக்கிற வேலை, அதனால தேதி முடிவானதும் அடுத்ததா இதை பிடிச்சுடுங்க. வெளிநாட்டுக்கு கப்பல் தபால்னா மாசக்கணக்கு ஆகும், விமான தபால்னாலும் டிசம்பர்ல நெரிசல், அந்தந்த நாட்டு தபால் துறை கிறிஸ்மஸுக்குள்ள போய்ச் சேர கடைசி தேதின்னு ஒரு பட்டியல் போடுவாங்க, அதுல உங்க தேதியை பார்த்து அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அனுப்பிடுங்க.

என்ன அனுப்பக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கிறது முக்கியம். சென்ட் பாட்டில், ஸ்ப்ரே கேன், தனியா லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் இதெல்லாம் விமானத்துல ஆபத்தான சரக்கு கணக்கு, தபால்ல திருப்பி விட்டுடுவாங்க. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு அனுப்பறதா இருந்தா உணவு, விதை, காய்ஞ்ச பூ, மரப்பட்டை, வைக்கோல் எல்லாத்துலயும் ரொம்ப கறார். குடில் செட் அனுப்பும்போது உள்ள நிஜ வைக்கோல் வச்சு அழகா பேக் பண்ணி அனுப்பினா குழந்தை இயேசு கஸ்டம்ஸ்ல மாட்டிப்பாரு. பேப்பரை நறுக்கி போடுங்க. கஸ்டம்ஸ் படிவத்துல "பரிசு"ன்னு டிக் பண்ணிட்டா மட்டும் வரி இல்லன்னு அர்த்தம் இல்ல, உள்ள இருக்கற பொருளை தனித்தனியா, விலையோட எழுதணும், "துணிமணி, சாமான்"னு மொத்தமா எழுதினா நிறுத்தி வச்சுடுவாங்க.

என்னை கேட்டா பெரிய பொருளை அனுப்பறதே வேஸ்ட். பெரிய பொருளை அந்த ஊர் கடையிலயே ஆர்டர் பண்ணி வீட்டுக்கு வர வச்சுடலாம். பார்சல்ல போக வேண்டியது கடையில கிடைக்காதது: கையால எழுதின லெட்டர், பழைய போட்டோவோட பிரிண்ட், வருஷா வருஷம் மரத்துல தொங்கற அந்த ஒரு பக்கம் உடைஞ்ச மணி. ஒவ்வொண்ணையும் தனி கவர்ல போட்டு மேல "24 ராத்திரி", "25 காலையில", "எல்லாரும் கால்ல இருக்கும்போது மட்டும்"னு எழுதிடுங்க. ஒரே மாதிரி கவர் எல்லா வீட்டுக்கும் போனா ஒரே நேரத்துல பிரிக்கலாம், அந்த கவர் கிழிக்கிற சத்தம் எல்லா பக்கத்துல இருந்தும் வர்றப்போ நிஜமாவே ஒரே ரூம்ல இருக்கற மாதிரி இருக்கும்.

குடில் செட் இருக்கற குடும்பம்னா இன்னொண்ணு செய்யலாம். பொம்மைகளை பிரிச்சு ஒரு வீட்டுக்கு ஒண்ணுன்னு அனுப்பிடுங்க. மேய்ப்பர் ஒரு வீடு, ஒட்டகம் ஒரு வீடு, தேவதூதன் ஒரு வீடு. கூடுற வருஷம் அவங்கவங்க பொம்மையை எடுத்துட்டு வரணும்னு கண்டிஷன். குடிலுக்கு பொறுப்பான சித்தப்பா யாருக்கு எதுன்னு தானே முடிவு பண்ணட்டும், அதுலயே அவருக்கு ரெண்டு வாரம் ஓடிடும். பழைய மண் பொம்மை, உடைஞ்சா மனசு தாங்காதுன்னா அனுப்பாதீங்க, போட்டோ எடுத்து அட்டையில ஒட்டி வெட்டி அனுப்புங்க.

அட்டைன்னதும் ஞாபகம் வருது. அச்சடிச்ச முதல் கிறிஸ்மஸ் கார்டு 1843ல லண்டன்ல ஹென்றி கோல்னு ஒருத்தர் போட்டது, எல்லாருக்கும் தனித்தனியா லெட்டர் எழுத நேரம் இல்லாம தான் அவர் இந்த வழியை பிடிச்சாரு. அதுல இருக்கற படம் என்ன தெரியுமா, ஒரு குடும்பம் மேஜையை சுத்தி நின்னு, கார்டை கையில வச்சிருக்கற ஆளைப் பார்த்து கோப்பையை தூக்கி வாழ்த்தற மாதிரி. அங்க இல்லாத ஆளுக்காகவே வரைஞ்சது.

படி 5: பாட்டி கைப்பக்குவத்தை வீடு வீடா கொண்டு போறது

ரெசிபி கேட்டா பாட்டி என்ன சொல்லுவாங்க, "மாவு கொஞ்சம் போடு, வெண்ணெய் அதுக்கு தக்கன, பதம் வந்ததும் எடுத்துடு". இதை வச்சுக்கிட்டு உலகத்துல ஒருத்தராலயும் கேக் சுட முடியாது. அளவு கேட்டு நச்சரிக்காதீங்க, அவங்களுக்கு நிஜமாவே அளவு தெரியாது, கைக்கு தான் தெரியும். அதுக்கு ஒரு வழி இருக்கு. பாட்டி பக்கத்துல இருக்கற யாராவது ஒரு கிச்சன் தராசு வாங்கி வைங்க. மாவு டப்பாவை அப்படியே தராசுல வச்சு எடையை குறிச்சுக்கங்க. பாட்டி வழக்கம்போல கையால அள்ளி போடட்டும், ஒண்ணும் சொல்லாதீங்க. போட்டப்புறம் டப்பாவோட எடையை திரும்ப பாருங்க, 1,240 கிராம் இருந்தது 985 ஆயிருந்தா பாட்டியோட "கொஞ்சம்" 255 கிராம். சர்க்கரை, வெண்ணெய், பழம் எல்லாத்துக்கும் இதே மாதிரி. அப்படியே ஒரு போனை ஸ்டாண்டுல வச்சு கையை மட்டும் வீடியோ எடுங்க, முகம் வேணாம், பதம் எப்படி இருக்குன்னு கை கிட்ட தான் தெரியும், மாவு கரண்டியில இருந்து விழற வேகம் உட்பட.

வேற வேற நாட்டுல சுடும்போது சில விஷயம் காலை வாரும். அமெரிக்க கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவுல 250. டேபிள்ஸ்பூன் மத்த இடத்துல 15 மில்லின்னா ஆஸ்திரேலியாவுல 20. ஓவன்ல 180 செல்சியஸ்னா ஃபாரன்ஹீட்ல 350, ஃபேன் இருக்கற ஓவன்னா ஒரு 20 டிகிரி செல்சியஸ் குறைச்சு வைக்கணும். கிராம்ல எழுதிட்டா கப் சண்டையே வராது.

சுடற நாள் அன்னிக்கு பாட்டியை கால்ல வச்சுக்கங்க, இந்த தடவ கத்துக்குடுக்கற ஆளா. "இன்னும் கலக்கு, என்ன அவசரம்"னு அந்த பக்கத்துல இருந்து திட்டு வரணும், அது வந்தா தான் சரியா போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அவ்ளோ நேரம் பாட்டியால உட்கார முடியாதுன்னா மாவு கலக்கும்போது ஒரு பத்து நிமிஷம், வெளிய எடுக்கும்போது ஒரு அஞ்சு நிமிஷம்.

படி 6: குழந்தைங்களுக்கு

டிசம்பர் 1ல இருந்து 24 வரைக்கும் நாளுக்கு ஒரு கதவு திறக்கற அட்வென்ட் காலண்டர் தெரியும்ல, அதை குரல்ல பண்ணுங்க. 24 நாள், சொந்தக்காரங்க ஆளுக்கு ரெண்டோ மூணோ நாள் எடுத்துக்கட்டும், அந்தந்த நாளைக்கு ஒரு நிமிஷம் வாய்ஸ் நோட். மாமா சின்ன வயசுல மரத்துல இருந்து விழுந்த கதை, அம்மா பள்ளிக்கூட நாடகத்துல ஆடா நடிச்ச கதை, எதுவா இருந்தாலும் சரி, அறிவுரை மட்டும் வேணாம். எல்லாத்தையும் நவம்பர் கடைசியிலயே ஒருத்தர் வாங்கி வச்சுக்கணும், தினமும் கேட்டு வாங்கினா அஞ்சாம் நாளே அறுந்து போகும். குழந்தைக்கு எழுத படிக்க தெரியாட்டியும் பரவால்ல, பொத்தானை அமுக்க தெரிஞ்சா போதும்.

நேரடி கால்ல குழந்தைங்க கிட்ட "தாத்தாவுக்கு ஹாய் சொல்லு, பாட்டு பாடிக் காட்டு"ன்னு நச்சரிக்கறதை நிறுத்துங்க, எந்த குழந்தையும் அதுக்கு மசியாது. தாத்தா ஒரு பொருளை கேட்கட்டும், "சிவப்பா இருக்கறது ஏதாவது ஓடிப்போய் எடுத்துட்டு வா"ன்னு. வீடு முழுக்க ஓடி ஓடி எடுத்துட்டு வரும்.

படி 7: பாட்டு

கால்ல எல்லாரும் சேர்ந்து கேரல் பாடலாம்னு தோணும். முடியாது, முயற்சி பண்ணி மனசை உடைச்சுக்காதீங்க. காரணம் உங்க நெட் இல்ல. சேர்ந்து பாடறவங்க நடுவுல குரல் போய்ச்சேர சுமார் 30 மில்லிசெகண்டுக்கு மேல தாமதம் ஆனாலே தாளம் நழுவ ஆரம்பிக்கும். கண்ணாடி இழை கேபிள்ல ஒளி போற வேகம் வினாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர், லண்டனுக்கும் சிட்னிக்கும் நேர்கோட்டு தூரமே 17,000 கிலோமீட்டர் கிட்ட, அப்போ எல்லாமே கச்சிதமா இருந்தா கூட ஒரு பக்கம் போகவே 85 மில்லிசெகண்ட், அதுக்கு மேல ஆப் தன் பங்குக்கு சேர்க்கற தாமதம் வேற. அதனால தான் ஒவ்வொருத்தரும் மத்தவங்க இழுக்கறாங்கன்னு நினைச்சு தானும் இழுத்து, பாட்டு ஊர்வலம் மாதிரி நீண்டுக்கிட்டே போகும்.

செய்யக்கூடியது ரெண்டு. ஒண்ணு, ஒரு வீடு மட்டும் பாடணும், மத்த எல்லாரும் மைக்கை மியூட் பண்ணிட்டு அவங்கவங்க வீட்ல கூட பாடணும். உங்க குரல் அங்க கேக்காது, ஆனா ஒவ்வொரு வீட்லயும் முழு பாட்டு ஓடும், வாய் அசையறதும் தெரியும். சரணத்துக்கு ஒரு வீடுன்னு மாத்திக்கலாம். ஜூம்ல பாடுற வீட்டுக்காரங்க ஆடியோ செட்டிங்ல "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்"ங்கறதை ஆன் பண்ணிக்கணும், இல்லன்னா கீபோர்டு சத்தத்தை இரைச்சல்னு நினைச்சு அதுவே அடக்கிடும்.

ரெண்டாவது, முன்கூட்டியே பதிவு பண்ணி சேர்க்கறது. நல்லா பாடுற ஒருத்தர் முதல்ல பாடி அனுப்பணும், ஆரம்பத்துல "ஒண்ணு ரெண்டு மூணு"ன்னு எண்ணி ஒரு கைத்தட்டு. மத்தவங்க அதை இயர்போன்ல கேட்டுக்கிட்டே இன்னொரு போன்ல பாடி பதிவு பண்ணணும், அதே இடத்துல அவங்களும் ஒரு தட்டு தட்டணும். எடிட் பண்ற பையன் அந்த தட்டை எல்லாம் ஒரே கோட்டுல நிறுத்திட்டா வேலை முடிஞ்சுது. ஃபைலை வாட்ஸ்அப்ல டாக்குமென்டா அனுப்ப சொல்லுங்க, சாதாரணமா அனுப்பினா வீடியோ தரத்தை அது குறைச்சுடும். சுருதி சேராத பெரியப்பா குரலை குறைச்சு வைக்கலாமான்னு எடிட் பண்றவன் கேப்பான். கூடாது.

படி 8: கோயில், ஜெபம், வாசிப்பு

சொந்த சபையோட நேரலை இருந்தா எல்லாரும் அதையே பாருங்க. இல்லன்னா எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு வேணும்னா கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் ஆராதனை இருக்கு, 1918ல இருந்து நடக்குது, 1928ல முதல் முதலா ரேடியோவுல வந்தது. ஒன்பது வாசிப்பு, நடுவுல கேரல். டிசம்பர் 24 பிரிட்டன் நேரம் மத்தியானம் 3 மணிக்கு ஒரே ஒரு சிறுவன் தனியா பாடி ஆரம்பிப்பான், யார் பாடப்போறாங்கன்னு பையன்களுக்கே கடைசி நேரத்துல தான் தெரியும். ரோமாபுரியில இருந்து போப்போட ஆசீர் 25ஆம் தேதி அங்கத்த நேரம் நண்பகல் 12க்கு. ஒண்ணு மட்டும் கவனம், நேரலை பார்க்கும்போது கூடவே கால் போட்டு வைக்காதீங்க, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒளிபரப்பு சில வினாடி முன்ன பின்ன வரும், ஒரு வீட்ல ஆமென் சொல்லி முடிச்சப்புறம் இன்னொரு வீட்ல ஜெபம் நடந்துக்கிட்டு இருக்கும். சாட்ல பேசிக்கங்க.

வாசிப்புக்கு லூக்கா 2ஆம் அதிகாரம் 1ல இருந்து 20. சரியா இருபது வசனம், ஆளுக்கு ஒண்ணு. ஒவ்வொருத்தரும் தன் வசனத்தை தன் வீட்ல, தனக்கு தெரிஞ்ச மொழியில வாசிச்சு அனுப்பட்டும், வரிசையா சேர்த்தா அஞ்சு நிமிஷத்துக்குள்ள முழு கதையும் முழு குடும்பமும். குட்டிப் பாப்பாவுக்கு 14ஆம் வசனம் குடுங்க, சின்னது, தேவதூதர்கள் பாடுறது. தாத்தாவுக்கு முதல் வசனம், ஆரம்பிக்கறது எப்பவும் அவர் தானே. 1968 டிசம்பர் 24 அன்னிக்கு அப்போலோ 8ல நிலாவை சுத்திக்கிட்டு இருந்த மூணு பேர், ஆண்டர்ஸ், லவல், போர்மன், ஆதியாகமத்தோட முதல் பத்து வசனத்தை இப்படித்தான் பங்கு போட்டு மாத்தி மாத்தி வாசிச்சாங்க. வீட்ல இருந்து அவ்ளோ தூரத்துல அதுக்கு முன்னாடி யாரும் கிறிஸ்மஸ் கொண்டாடினது இல்ல.

படி 9: அந்த பெரிய கால்

எல்லா வேலையையும் வேற இடத்துல வச்சாச்சுன்னா கால் மேல இருக்கற பாரம் குறைஞ்சுடும், இனிமே அது சும்மா முகம் பார்க்கத்தான். ஜூம் இலவச கணக்குல 40 நிமிஷத்துல அறுந்துடும், கூகுள் மீட்ல மூணு பேரோ அதுக்கு மேலயோன்னா ஒரு மணி நேரம், வாட்ஸ்அப்ல வீடியோ காலுக்கு 32 பேர் வரைக்கும். 40 நிமிஷம்ங்கறது உண்மையில ஒரு வரம், அதுக்கு மேல யாருக்கும் பொறுமை இருக்காது, நீட்ட பணம் கட்டாதீங்க.

ஒருத்தர் நடத்தணும். கூச்சம் இல்லாத, கொஞ்சம் அதட்டத் தெரிஞ்ச ஆள். அவர் பேர் சொல்லி கூப்பிட்டா தான் பேசணும், இல்லன்னா குரல் பெருசா இருக்கற மூணு பேர் தான் பேசிக்கிட்டு இருப்பாங்க. குழந்தைங்க முதல்ல, அப்புறம் அவங்களை ஓட விட்டுடுங்க. வெளிச்சம் முகத்துக்கு முன்னாடி வரணும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தா வெறும் நிழல் தான். ஒரே வீட்ல ரெண்டு போன்ல சேர்ந்தா ஊளைச்சத்தம் கிளம்பும், ஒண்ணுல மைக், ஸ்பீக்கர் ரெண்டையும் அணைச்சுடணும்.

இதை விட எனக்கு பிடிச்சது பேசாத கால். ரெண்டு வீடு மட்டும், சமையல் நேரத்துல போனை அலமாரி மேல சாய்ச்சு வச்சிட்டு அவங்கவங்க வேலையை பார்க்கறது. குக்கர் சத்தம் கேக்கும், யாரோ குறுக்க போவாங்க, நடுவுல "ஏய் உப்பு போட்டியா"ன்னு ஒரு குரல், அப்புறம் இருபது நிமிஷம் ஒண்ணும் இருக்காது. பாத்திரம் கழுவும்போது பேசறது தான் வேணும்னு சொன்னாங்களே ஒருத்தங்க, அவங்களுக்கு இது.

படி 10: கால்ல வர முடியாதவங்க

ஸ்மார்ட்போன் இல்லாத, காது சரியா கேக்காத, ஞாபகம் தப்பிப்போற பெரியவங்களை பதினஞ்சு முகம் குட்டி குட்டி கட்டமா ஓடுற திரை முன்னாடி உட்கார வைக்காதீங்க, பயந்துடுவாங்க. ஒரு நேரத்துக்கு ஒருத்தர், சாதாரண போன், ஒரு நாளைக்கு ரெண்டு பேர்னு 22ல இருந்து 28 வரைக்கும் பிரிச்சுக்கங்க. அவங்க கிட்ட முதல் வேலையே "நான் இன்னார் பேசறேன்"னு பேரை சொல்றது தான், "யாருன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்"ங்கற விளையாட்டு வேணவே வேணாம். வீடியோ தான் வேணும்னா பக்கத்து வீட்டு பிள்ளையோ, பார்த்துக்கற அம்மாவோ முந்தின நாளே ஒரு தடவ ஒத்திகை பார்த்துடட்டும்.

முழுக்க தனியா இருக்கற ஒருத்தர் இருப்பாங்க, ஹாஸ்டல்ல, வேற ஊர்ல வேலையில. அவங்களுக்கு கால் முடிஞ்ச அடுத்த நிமிஷம் தான் கஷ்டம், திடீர்னு ரூம் அமைதியாயிடும். அதனால கால் முடிஞ்ச பத்து நிமிஷத்துல ஒருத்தர் மட்டும் தனியா திரும்ப கூப்பிடணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கங்க. முடிஞ்சா அவங்க ஊர்லயே ஒரு வீட்டு சாப்பாட்டுக்கு சொல்லி விடுங்க.

போன வருஷம் இருந்து இந்த வருஷம் இல்லாதவங்க இருந்தா, அவங்க பேரை எல்லாரும் சுத்தி வளைச்சு தவிர்த்துக்கிட்டு இருப்பாங்க, அழுதுடுவோமோன்னு. நடத்தறவரே ஆரம்பத்துல பேரை சொல்லி, எல்லா வீட்லயும் ஒரு மெழுகுவர்த்தி ஏத்த சொல்லிடட்டும். யாராவது கேமராவை அணைச்சா ஏன்னு கேக்காதீங்க. அவங்க பண்ணிட்டு இருந்த வேலை என்னவோ, நட்சத்திரம் கட்டறதோ, முதல் துண்டு கேக் வெட்டறதோ, அதை இந்த வருஷம் யார் பண்றதுன்னு முன்னாடியே பேசி ஒருத்தர் கையில குடுத்துடுங்க. சண்டை போட்டு பேசாம இருக்கறவங்க விஷயம் வேற, கிறிஸ்மஸ் குரூப் காலை வச்சு அதை தீர்க்க பார்க்காதீங்க, ஒரு கார்டு அனுப்பிட்டு விட்டுடுங்க.

படி 11: முடிஞ்சப்புறம்

ஒரு வாரத்துக்குள்ள எல்லா பதிவையும், பாட்டு, வசனம், பாட்டி கை வீடியோ, 24 வாய்ஸ் நோட்டு, ஒரே இடத்துல சேர்த்துடுங்க. வாட்ஸ்அப்ல கிடக்கட்டும்னு விட்டா போன் மாத்தும்போது போயிடும். ஒரு பென் டிரைவ்ல ஒண்ணு, ஆன்லைன்ல ஒண்ணுன்னு ரெண்டு காப்பி, ஃபைல் பேர்ல ஆள் பேரும் வருஷமும். கிராம் கணக்கு எழுதின ரெசிபியை கையெழுத்துல ஒரு காப்பி எடுத்து பாட்டிக்கே ஒண்ணு தபால்ல அனுப்புங்க, "இது என் அளவே இல்ல"ன்னு சொல்லி திருத்தி அனுப்புவாங்க, அந்த திருத்தத்தையும் சேர்த்துக்கங்க. ஜனவரி 6 அன்னிக்கு, மரத்தை இறக்கறப்போ, அடுத்த தடவ எல்லாருக்கும் லீவ் ஒத்துவர்ற மாசம் எதுன்னு குரூப்ல கேளுங்க. அது ஜூலையா இருந்தா ஜூலை, குடில் பொம்மையை எடுத்துட்டு வர சொல்லிடுங்க.